குக்கரை நிறுத்தச் சொல்லிப் போன நாள்

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனா தேயிலைத் தோட்டத்துல கொழுந்துக்கூடை சுமந்தே என் மகளைப் படிக்க வச்சேன். யார் வாசல்லயும் போய் எதுவும் கேட்டு நின்னதில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

அன்னைக்கு மத்தியானம் அவளுக்குப் பட்டப்படிப்போட கடைசிப் பரீட்சை. கொழும்புல இருந்து லெப்டொப் வழியாத்தான் கேள்வி கேப்பாங்க. அவ எழுதி வச்சதைத் திரையில காட்டிக் காட்டிப் பதில் சொல்லணும். விட்டா அடுத்த வருஷம்தான்.

காலையில திறந்தா திரை கருகருன்னு கிடக்கு. எழுத்து இருக்கிறது தெரியுது, என்ன எழுத்துன்னு தெரியலை. வெளிச்சத்தைக் கூட்டுற பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தா. அசையலை.

கரண்டுதான்னு எனக்குப் பட்டுச்சு. எங்க லயத்துல வரிசையா இருக்கிற பத்துக் காம்பரா வீட்டுக்கும் ஒரே பழைய வயர். ஒருத்தி ரைஸ் குக்கர் போட்டா அடுத்தவ வீட்டு பல்ப் மஞ்சளாயிரும்.

"கரண்டால இல்லைம்மா, இது பேட்டரியில ஓடுது" என்றா மகள்.

"பேட்டரிக்கு எங்க இருந்துடி வருது?" என்று சொல்லிட்டு இறங்கிட்டேன்.

கடைசிக் காம்பராவுல இருந்து தொடங்கினேன். "குக்கரைக் கொஞ்சம் நிறுத்து தாயி, புள்ளைக்குப் பரீட்சை." ஒவ்வொரு வாசல்லயும் அதையே சொல்ல நாக்கு கூசிச்சு. யாரும் மறுக்கலை. நடுவீட்டுக்காரி, என்கூட மலையில கொழுந்து எடுத்தவ, அவ மட்டும் கிண்டல் பண்ணாம விடலை.

"இந்த வாயும் ஒரு நாளைக்குக் கேட்டு வருமாக்கா! இன்னைக்கு மழைதான்" என்று சிரிச்சுக்கிட்டே டிவியை நிறுத்தினா.

லயமே அடங்கிப்போச்சு. முழங்காலைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்து பார்த்தா, திரை அதே கருப்பு.

மகள் அதுக்குள்ள பதுளையில கம்ப்யூட்டர் கடையில வேலை செய்யுற கூட்டாளிக்குப் போன் போட்டிருந்தா. அந்தப் புள்ள பேசினது எனக்கும் கேட்டுச்சு.

"நேத்து அப்டேட் ஏதும் ஆச்சாடி?"

"தானாவே ஆச்சு."

"அதான். திரைக்குன்னு இருக்கிற டிரைவர் மாறியிருக்கும். பழையதையே திருப்பிப் போடு."

டிரைவர்னா என்னன்னு மகளைக் கேட்டேன். உள்ளுக்குள்ள இருக்கிற ஒரு ப்ரோகிராமாம். வெளிச்சத்தைக் கூட்டுன்னு நாம சொல்றதைத் திரைக்குக் கொண்டுபோய்ச் சொல்லுமாம். சரிதான், துரை சொல்றதை எங்களுக்கு வந்து சொல்ற கங்காணி வேலை. புதுசா வந்த கங்காணிக்கு இந்த மலை பிடிபடலை.

ஆனா திருப்பிப் போடறதுக்கும் திரையை வாசிச்சாகணுமே! சிக்னல் ஜன்னலோரத்துலதான் கிடைக்கும், அங்க பகல் வெளிச்சம் அடிக்குது. மழையில மலைக்குப் போறப்ப நான் தலையில போட்ட கம்பளி ஆணியில தொங்குச்சு. அதை எடுத்து மகளையும் லெப்டொப்பையும் சேர்த்து மூடினேன்.

"தெரியுதும்மா! தெரியுது!"

கம்பளிக்குள்ள இருந்து அவ ஒவ்வொண்ணா போன்ல கூட்டாளிக்கு வாசிச்சு, அந்தப் புள்ள சொன்னதை அமுக்கினா. நான் காத்துல தூக்காம ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கை கடுத்துச்சு. திடீர்னு, "ஐயோ, மொத்தமா அணைஞ்சு போச்சும்மா" என்றா. அப்புறம் திரை வெளிச்சத்துல, கம்பளியில பூச்சி தின்ன ஓட்டையெல்லாம் வெள்ளை வெள்ளையா மினுங்கிச்சு.

அவ மூஞ்சியைக் கழுவிட்டு உக்காரத்தான் நேரம் இருந்துச்சு. நான் வாசப்படிக்கு வந்து உக்காந்தேன். குக்கரைப் போடுங்கன்னு போய்ச் சொல்லணும். கால் எழும்பலை. உள்ள மகளோட குரல் முதல்ல நடுங்கிச்சு. போகப் போக நிமிர்ந்துச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு நடுவீட்டுக்காரி பிளேன்டீயோட வந்தா. "விறகுல வச்ச டீ, குடி. என்னாச்சுக்கா? எங்க அரிசி இன்னும் தண்ணியிலதான் நீந்துது."

"கரண்டுல கோளாறு இல்லையாம்டி."

"அப்ப நாங்க எதுக்கு அக்கா பட்டினி?"

சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. டீயை வாங்கிக்கிட்டேன். அப்பதான் கதவு திறந்துச்சு.

"பாஸ்னு சொல்லிட்டாங்கம்மா."

நடுவீட்டுக்காரி லயத்தைப் பார்த்துத் திரும்பினா. "போடுங்கடி குக்கரை! புள்ள பாஸாம்!"

ஒவ்வொரு காம்பராவா டிவிச் சத்தம் எழும்பிச்சு. எங்க வீட்டு பல்ப் மஞ்சளாச்சு. நான் நிலையில சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டேன்.