கோட்டையைப் பிடித்த முனவர் பேகம்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். முனவர் பேகத்துக்கு அந்த வாய் கொஞ்சம் தாராளம். குருபரப்பள்ளிக்கு அப்பால், வீரனதுர்க்கம் மலையடியில் இருபது வருஷமாக மாங்காய்க் கீற்றுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிறாள். கூடவே மேலே இருக்கும் இடிந்த கோட்டையின் சரித்திரத்தையும் இலவசமாகத் தூவிவிடுவாள்.

அதில் ஒரு நேக்கு வைத்திருந்தாள். பெங்களூரிலிருந்து பைக்கில் வருகிறவர்களிடம் கன்னடத்தில், இது மைசூர்க்காரர் கோட்டை என்பாள். எல்லைக்கு அந்தப் பக்கம் குப்பம் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் தெலுங்கில், விஜயநகரத்து ராயர் கட்டியது என்பாள். தமிழ்க்காரர் வந்தால் அதியமான் வம்சம். முக்கால்வாசிப் பேர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறுவார்கள், இறங்கி வந்து இன்னொரு தட்டு வாங்குவார்கள். யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?

ஆனால் ஒன்று. அவள் ஒருநாளும் மலையேறியதில்லை. முழங்கால் வலி ஒரு சாக்கு, வியாபாரம் ஒரு சாக்கு. வந்துபோகிறவர்களிடம் கேட்டதையெல்லாம் கண்டதுபோலச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டாள்.

போன மாங்காய் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓசூர் கம்பெனி ஒன்றின் பஸ் வந்து நின்றது. சூப்பர்வைசர் விமல்ராஜ் முதலில் குதித்தான். அவன் பின்னாலேயே கூட வேலை செய்யும் மாதேவப்பாவும் நாராயணம்மாவும் இறங்கினார்கள். மூவரும் முன்பு தனித்தனியாக வந்து, மாங்காய் தின்றுவிட்டு மலையேறாமலே போனவர்கள்; வழியெல்லாம் கோட்டையைப் பற்றித்தான் சண்டையாம்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. போன வருஷம் எங்கிட்ட அதியமான் கோட்டைன்னு சொன்னீங்களா இல்லியா?" என்று கேட்டான் விமல்ராஜ்.

"எனக்கு மைசூர்னுதானப்பா சொன்னாங்க!" என்றான் மாதேவப்பா.

"ரெண்டு பேருக்கும் காது மந்தம். ராயரு கட்டினதுன்னு இந்த அக்கா வாயாலதான் கேட்டேன்," என்றாள் நாராயணம்மா.

வசமாக மாட்டிக்கொண்டாள் முனவர். கத்தி பாதி மாங்காயில் நின்றது. கோட்டையைப் பற்றி என்றால் மாங்காய்க்கார அக்காவைக் கேள் என்று வாங்கிய பேர் ஒரே காலையில் போய்விடும் போலிருந்தது. இனி இந்த மலையடியில் அவள் சொல்லை யார் மதிப்பார்கள்?

"மேல வாங்க, காட்டறேன்!" என்று வாய் முந்திக்கொண்டது. என்ன காட்டப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

புருஷன் பஷீர் அஹமது திகைத்துப்போனார். "ஏம்மா, உனக்கு மாடிப்படியே ஆகாதே!"

"நீங்க கடையப் பாருங்க."

பாதி மலையில் மூச்சு வாங்க ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். "கோட்டை வாசல் எந்தப் பக்கம்க்கா?" என்று விமல்ராஜ் கேட்டான். இதற்குமேல் புளுக மனம் வரவில்லை.

"தெரியாது தம்பி. நானும் இன்னிக்குத்தான் பாக்கப்போறேன்."

நாராயணம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பாறைக் குரங்குகள் ஓட்டம் பிடித்தன. "அய்யோ அக்கா!" என்று கையை நீட்டினாள். மாதேவப்பா முனவரின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டான்.

உச்சியில் மதில் நின்றது. அடியில் சாந்தே பூசாத பெருங்கற்கள், அதற்குமேல் செங்கல்லும் சுண்ணாம்பும், அதற்கும் மேலே பீரங்கி நீட்டும் துளைகள். பக்கத்தில் எழுத்து உரிந்த பலகை ஒன்று. விமல்ராஜ் விரல் வைத்துப் படித்தான். எல்லைக் கோட்டையாம். அதியமான் மரபினர் அடித்தளம் போட, ராயர் ஆட்கள் பிடித்து அதன்மேல் கட்ட, மைசூர்ப் படை பிடித்து அதற்கும் மேலே கட்ட, கடைசியில் வெள்ளைக்காரக் கும்பினியின் கைக்குப் போயிருக்கிறது.

முனவருக்கு வலி போன இடம் தெரியவில்லை. "பாத்தீங்களா! நான் பொய் சொன்னேனா? ஆளுக்கு ஒரு வரிசைக் கல்லைச் சொன்னேன், அவ்ளோதான்!"

"பொழைச்சீங்க போங்க," என்று விமல்ராஜ் கும்பிட்டான்.

கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் ஊர்ந்தன. அவளுடைய கடைக்குடை சட்டைப் பொத்தான் அளவுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் அந்தக் குடைக்கடியில் இருந்துகொண்டா இதைப் பற்றிப் பேசினோம் என்று நினைத்ததும் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

இப்போது எந்த ஊர்க்காரர் வந்தாலும், எந்த மொழியில் கேட்டாலும், முழுச் சரித்திரத்தையும் ஒன்றுவிடாமல் சொல்கிறாள். கும்பினி வரைக்கும் வந்ததும் தட்டை நீட்டிக்கொண்டே முடிப்பாள்: "கடைசியா, முட்டி வலியோட முனவர் பேகம் புடிச்சா. இன்னும் யாரும் திருப்பிப் புடிக்கலைங்க."