என் அளவுக்கு வரைந்த சிறுத்தை

அந்த மஞ்சள் உடுப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. எனக்கென்று தைத்து, என் உடம்புக்குப் பார்த்துப் பார்த்துப் புள்ளி வைத்த உடுப்பை இன்னொருவன் மாட்டிக்கொண்டு மேடையில் குதித்தான். அதற்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

உளுந்தூர்பேட்டையில் ஐந்தாம் வகுப்பு படித்தேன். ஆண்டு விழா நடனத்தில் சிறுத்தை வேடம் எனக்கு. கைகளை ஊன்றிப் பாயத் தெரிந்தவள் வகுப்பில் நான் ஒருத்திதான். உடம்போடு ஒட்டும் மஞ்சள் உடுப்பு வேண்டும், புள்ளிகளை வீட்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

அப்போது அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தார். மூங்கில்துறைப்பட்டிலிருந்து மாமா இல்லாமல் ஒரு பையோடு தனியாக வந்திருந்தார். ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் டயர் கடை வைத்திருந்த பெரியப்பாதான் வீட்டில் எதையும் முடிவு செய்பவர். அவர் இருக்கும் நேரத்தில் அத்தை சமையலறையை விட்டு வெளியே வரமாட்டார்.

இழுத்தால் நீளும் துணியில் உடுப்பைத் தைத்ததும், மிச்சத் துண்டுகளில் பெயிண்டைச் சோதித்ததும் அத்தைதான். கதவுக்கு அடித்து மிஞ்சிய கறுப்பு பெயிண்ட் அப்பளம் போலக் காய்ந்து, இழுத்ததும் நொறுங்கியது. போஸ்டர் கலர் ஈரம் பட்டதுமே ஒழுகியது. துணிக்கென்று விற்கும் பெயிண்டைத் தடிப்பாகப் பூசினால் வெடித்தது. தண்ணீர் கலந்தால் பரவியது. கடைசியில் துணியை இழுத்துப் பிடித்து, ஸ்பாஞ்சால் மெல்லிசாக ஒற்றியபோது நின்றது.

ஆனால் உடுப்பைத் தரையில் விரித்துக் குறித்த வட்டம் நான் அணிந்ததும் முட்டையாக இளித்தது. அதனால் உடுப்பை எனக்கு மாட்டி, சாக்பீஸால் ஒவ்வொரு புள்ளியாகக் குறித்தார்.

“மூச்ச வுடுடி. வவுத்த எக்காத. நீ எப்டி இருக்கியோ அப்டித்தான் வரையணும்.”

பிறகு அதைக் கழற்றி, உள்ளே பழைய புடவைகளைத் திணித்து, என் பருமனுக்குக் கொண்டுவந்து பெயிண்டை ஒற்றினார். தலையில்லாத நான் கட்டிலில் படுத்திருந்தேன். அதைப் பார்த்து அத்தை வாய்விட்டுச் சிரித்தார். வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

காய்ந்ததும் போட்டுக்கொண்டு கூடத்தில் பாய்ந்தேன். ஒரு புள்ளிகூட வெடிக்கவில்லை. அப்போதுதான் பெரியப்பா உள்ளே வந்தார்.

“இன்னா இது? பொட்டப்புள்ள இத்தப் போட்டுக்கினு நாலு பேரு முன்னாடி குதிப்பாளா?”

என் வகுப்பிலேயே படித்த தன் மகனைக் கூப்பிட்டு, உடுப்பை அவனுக்குக் கொடுக்கச் சொன்னார். அவனுக்கு அந்த நடனத்தில் மரம் வேடம். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா செல்போனைப் பார்த்தார். அத்தைதான் முன்னால் வந்தார்.

“கொயந்த அது, அண்ணா. அவ ஆட்டத்தப் புடுங்கி இவனுக்குக் குடுப்பியா?”

“நீ வாய மூடு. இந்த வாயாலதான் இங்க வந்து குந்திக்கினு இருக்க.”

“ஆமா, பேசனதுக்குத்தான் அந்தாளு அடிச்சாரு. இங்கயும் பேசக் கூடாதுன்னா நான் எங்கதான் பேசறது?”

பெரியப்பா என்னை உள்ளே அனுப்பி உடுப்பைக் கழற்ற வைத்தார். உடுப்பு கைமாறியது.

விழாவில் நான் அட்டை இலைகளைத் தூக்கிக்கொண்டு மரமாக நின்றேன். பெரியப்பா மகன் ஒல்லி. உடுப்பு அவன் மேல் இழுபடாமல் தொளதொளத்ததில் புள்ளிகள் சுருங்கி, அம்மை போட்டவன் மாதிரி இருந்தான். பாய வேண்டிய இடத்தையும் மறந்துவிட்டான். அதற்கும் கைதட்டல். கையில் இலை இருந்ததால் கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை.

அடுத்த வாரமே பெரியப்பா அத்தையைப் பஸ் ஏற்றிவிடப் புறப்பட்டார். அத்தை அவங்க வீட்டுக்குப் போறாங்க என்றார் அம்மா. நானும் கூடப் போனேன். கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரிடம், அடுத்த வருஷம் எனக்கு வேறு உடுப்பு செய்து தர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார்.

வீட்டில் எல்லோர் மேலும் கோபமாக இருந்த நான் அத்தையைப் பார்த்து மட்டும் சிரித்தேன். அடித்த மாமாவிடமே அவரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதோ, அது எனக்காகப் பேசியதற்குத்தான் என்பதோ எனக்கு அப்போது புரியவில்லை. சொந்த வீட்டுக்குத்தானே போகிறார் என்று பஸ் திரும்பும்வரை குதித்துக் குதித்துக் கையாட்டினேன்.