நாங்கள் செய்யாத மலை ஜெபம்

பொய் சொன்னது நான் இல்லை, என் கணவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் சபையில் இந்தக் கதையை இன்னும் சிலர் பாதி பாதியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய்க்காரி நான்தான்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு வருடம். கல்யாணமாகி நாலாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. முடிச்சூர் சாலையில் மாமியார் வீட்டில் இருந்தோம். கணவருக்குக் கிண்டியில் அலுவலகம். நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் சரித்திரம் நடத்தினேன். அதற்குள் எனக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இரண்டாவது முறை முடிந்து பல மாதங்கள் கழித்து டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, "உடம்புல ஒரு குறையும் இல்லம்மா. நல்லா நட, நல்லா சாப்பிடு, சந்தோஷமா இரு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த மூன்றில் சாப்பாட்டை மட்டும்தான் வீட்டில் காதில் வாங்கிக்கொண்டார்கள். துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போகக் கூடாது. தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. ஷேர் ஆட்டோ கூடவே கூடாது, குலுக்கும். தாம்பரம் ஸ்டேஷனில் மேற்கிலிருந்து கிழக்குக்குப் போக மேம்பாலப் படி ஏறித்தான் ஆகவேண்டும். அதைத் தடுக்க வழியில்லாததால் மாமியார் தினமும் வாசல்வரை வந்து, "ஒவ்வொரு படியா நின்னு நின்னு ஏறும்மா" என்பார். நான் நல்ல மருமகளாகத் தலையாட்டிவிட்டு, ஸ்டேஷனில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறுவேன்.

கோவளம் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருநாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு மாமியாரிடம் கேட்டார்: "இன்னாமா, மருமவள இப்டி மூடி மூடி வச்சிகினு கீற? கருவாடா அது, பூனை தூக்கினு பூட?" நான் சமையலறையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அதன்பிறகு சில நாட்களுக்கு எங்கள் வீட்டில் மீன் வாங்கவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமையைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆராதனை முடியும் சமயத்தில் போதகர், "ஜெபக் குறிப்பு இருக்கிறவங்க சொல்லலாம்" என்பார். வேண்டுதல் உள்ளவர்கள் எழுந்து நின்று சொல்ல, மொத்த சபையும் அதற்காக ஜெபிக்கும். ஒருவருக்கு மகனின் விசா, இன்னொருவருக்கு மகளின் வரன். என் மாமியார் பெண்கள் சங்கத் தலைவி, முன்வரிசைக்காரர். அவர் எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "என் மருமகளுக்குக் கர்ப்பத்தின் கனி கிடைக்கணும்" என்பார். வாராவாரம். சபை முழுவதும் கண்ணை மூடி என் வயிற்றுக்காக முணுமுணுக்கும். பக்கத்து வரிசையில் என்னிடம் எட்டாம் வகுப்பு படிக்கிற பெண்கள் இருப்பார்கள். அவர்கள் ஒற்றைக் கண்ணைத் திறந்து என் வயிற்றைப் பார்ப்பார்கள். மறுநாள் அவர்களுக்குத்தான் நான் பானிபட் யுத்தம் நடத்த வேண்டும்.

"அத்தை, இதைச் சபையில சொல்ல வேணாமே" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"ஜெபத்துல என்னம்மா வெட்கம்?" என்றார். அவர் மனதில் கல்மிஷம் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

காலாண்டு விடுமுறை வந்தது. கணவரிடம் சொன்னேன்: "எனக்கு நடக்கணும். மலை ஏறணும். ஏரி, அருவி எல்லாம் பார்க்கணும். நாம ரெண்டு பேர் மட்டும்." அவர் உடனே சரி என்றார். கல்லூரி நாட்களில் ஏற்காட்டில் நடந்து திரிந்தவர் அவர். அம்மாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று சமையலறைக்குப் போனார். நான் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நாங்க மூணு நாள் ஏற்காட்டுக்குப் போயிட்டு வரோம்."

"இந்த உடம்போட அவ எதுக்குடா மலைக்கு?"

கொஞ்ச நேரம் குக்கர் மட்டும்தான் பேசியது. பிறகு அவர் குரல் வந்தது. "ஜெபிக்கத்தாம்மா. மூணு நாள் உபவாச ஜெபம்."

எங்கள் ஆட்களுக்கு மலை ஜெபம் புதிதல்ல. ஏதாவது பெரிய வேண்டுதல் இருந்தால் ஒரு மலைக்குப் போய், சாப்பிடாமல் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வருவார்கள். மாமியார் கண் கலங்கி வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அவர் தோளுக்கு மேலாக நான் கணவரை முறைத்தேன். அவர் காலண்டரைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் பெண்கள் சங்கம் முழுவதற்கும் சேதி போய்விட்டது.

அந்தப் பொய்க்குக் கைமேல் பலன் கிடைத்தது. செங்கல்பட்டுக்குப் போனாலே இட்லியும் மிளகாய்ப் பொடியும் எலுமிச்சை சாதமும் கட்டிக்கொடுக்கிற மாமியார், இந்த முறை ஒரு பிஸ்கெட் பாக்கெட்கூடத் தரவில்லை. உபவாசத்துக்குப் போகிறவர்களுக்கு எதற்குச் சாப்பாடு? அதற்குப் பதிலாக இரண்டு வேதாகமம், எனக்கு ஒரு வெள்ளைப் புடவை, போதகர் ஜெபித்துக் கொடுத்த ஒரு குப்பி எண்ணெய். விடிகாலையில் பெருங்களத்தூரில் சேலம் பஸ்ஸுக்காக நின்றபோது எனக்குப் பசியில் கண் இருட்டியது. ஒரு கடையில் பூரி வாங்கினோம். முதல் வாய் வைப்பதற்குள் சபைக்காரர் ஒருவர் ஸ்கூட்டரில் போவதைப் பார்த்துவிட்டு, என் கணவர் தன் தட்டையும் என் கையில் திணித்துவிட்டு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். இரண்டு கையிலும் பூரித் தட்டோடு நடுரோட்டில் நான் மட்டும் நின்றேன்.

ஏற்காட்டில் மறுநாள் காலை ஏரிமேல் பனி இறங்கியிருந்தது. அக்கரை தெரியவில்லை. முந்தின வாரம் நல்ல மழை, ஏரி நிரம்பியிருந்தது. கரையைச் சுற்றி நடந்தோம். பிறகு காப்பித் தோட்டங்களுக்குள் புகுந்து நடந்தோம். மரங்களில் மிளகுக் கொடி சுற்றியிருந்தது, ஈரமண் செருப்பை இழுத்துப் பிடித்தது. யாரும் என்னை நின்று நின்று நடக்கச் சொல்லவில்லை. கெண்டைக்கால் வலித்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் உடம்பில் நானாக வரவழைத்த ஒரு வலி. எனக்கு அது பிடித்திருந்தது.

ஏரியில் வழிகிற தண்ணீர் ஓடையாக ஓடிப்போய்ப் பள்ளத்தில் அருவியாக விழுகிறது. அந்த ஓடையின் போக்கிலேயே போனோம். மத்தியானத்துக்கு முன் பள்ளத்தின் விளிம்புக்கு வந்துவிட்டோம். கீழே அருவியின் சத்தம் கேட்டது. வழி செங்குத்தாக இறங்கியது. பாறை, வேர், ஈரம். என் கணவர் நின்றுவிட்டார்.

"நீ இங்கேயே உட்காரு. நான் மட்டும் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"பார்த்துட்டு வந்து? எப்படி இருந்துச்சுன்னு எனக்குக் கதை சொல்லப்போறீங்களா?"

"வழுக்குதும்மா. ஏதாவது ஆயிட்டா?"

அம்மாவிடம் பேசப் பயந்துதான் பொய் சொன்னார் என்று நான் நினைத்திருந்தேன். அவருக்குள்ளேயும் அதே அம்மா உட்கார்ந்திருப்பது அங்கேதான் தெரிந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"யாருக்கு ஏதாவது ஆகும்?" வயிற்றில் கையை வைத்துக் காட்டினேன். "உள்ள யாரும் இல்லங்க. நான் மட்டும்தான் இருக்கேன். என்னைக் கூட்டிட்டுப் போக முடியுமா, முடியாதா?"

பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டேன், சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் கட்டினேன், இறங்கத் தொடங்கினேன். வேரைப் பிடித்து, பாறையில் உட்கார்ந்து சறுக்கி, மறுபடி எழுந்து. பின்னால் அவர், "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் பெரிய சத்தம் கேட்டுத் திரும்பினேன். வழுக்கி விழுந்து உட்கார்ந்திருந்தது அவர்தான். சிரித்துவிட்டேன். கொஞ்சநேரம் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்துவிட்டு அவரும் சிரித்தார்.

அருவிக்கு அடியில் போய் நின்றேன். தண்ணீர் தோளில் அடித்த அடியில் மூச்சு முட்டியது. குளிர் எலும்புவரை போனது. போன இரண்டு குழந்தைகளுக்காக நான் வீட்டில் சத்தமாக அழுததே இல்லை. அழுதால் அதுவும் ஜெபக் குறிப்பாகிவிடும். அங்கே வாய்விட்டுக் கத்தினேன், அழுதேன். அருவிச் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கணவர் நனைந்துகொண்டே வந்து பக்கத்தில் நின்றார்.

கரையேறிப் பாறையில் உட்கார்ந்தபோது சொன்னார். "ரெண்டு தடவையும் ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னது நான்தான். குழந்தை போச்சேன்னு நான் அழல. உன்னையும் கொண்டுபோயிடுமோன்னுதான் பயந்தேன். இன்னும் அந்தப் பயம் போகல."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல."

கோபமும் வந்தது, அவர்மேல் ஆசையும் வந்தது. அன்றைக்கு ராத்திரி அறையில் அந்தக் குப்பி எண்ணெயை எடுத்து இரண்டு பேரும் கெண்டைக்காலில் தேய்த்துக்கொண்டோம். வலிக்கு நன்றாகவே கேட்டது. மூன்றாம் நாள் பழைய ஒற்றையடிப் பாதை ஒன்றில் அடிவாரம்வரை நடந்தே இறங்கினோம்.

வீட்டுக்கு வந்தால் மாமியார் கட்டிலில் படுத்திருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. எங்களைப் பார்த்ததும் கையை ஊன்றி எழுந்து, சமையலறையிலிருந்து மூன்று டம்ளர் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்தார்.

"நானும் உங்களோட சேர்ந்து மூணு நாளும் தண்ணி மட்டும்தான் குடிச்சேன். வாங்க, ஒண்ணா உபவாசத்தை முடிப்போம்."

என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டே குடித்துவிட்டார். எனக்கு டம்ளர் வாய்க்குப் போகவில்லை. அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆனால் நான் அந்த ஜூஸைக் குடித்தால் அடுத்தது ஏழு நாள், அதற்கடுத்தது இருபத்தொரு நாள். என் வயிற்றுக்காக இவர் வயிறு காய்ந்துகொண்டே இருக்கும், நான் ஆமென் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

"அத்தை, நாங்க ஜெபிக்கப் போகல. மலையில நடந்தோம். அருவியில குளிச்சோம். மூணு வேளையும் சாப்பிட்டோம். முதல்ல நீங்க குடிங்க."

அவர் கேட்ட முதல் கேள்வி, ஏன் என்பது அல்ல. "சபையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேம்மா" என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் சாட்சி சொல்லக் கூப்பிடுவாங்க. ஜெபிச்சோம்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நான் உன்கிட்ட வேற எதுவும் கேக்கல" என்றார்.

கணவரும் அதையேதான் கெஞ்சினார். ஒரே ஒரு வார்த்தைதானே என்றார். அவர் சொன்ன ஒரே ஒரு வார்த்தைதான் எங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று நான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் புன்னகையோடு, "மலைக்குப் போய் ஜெபித்து வந்த நம் பிள்ளைகள் சாட்சி சொல்வார்கள்" என்றார். கணவர் பாதி எழுந்தார். நான் முழுதாக எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"நாங்க ஜெபிக்கப் போகல. ஏற்காட்டுக்கு ஊர் சுத்தத்தான் போனோம். ஏரியைச் சுத்தி நடந்தோம், அருவியில குளிச்சோம், மலையிலேர்ந்து நடந்தே இறங்கினோம். கர்த்தர் எனக்கு நல்ல கால் குடுத்திருக்கார், அதுக்காக ஸ்தோத்திரம். எனக்கு ரெண்டு குழந்தை போச்சு. அது என் துக்கம். எங்க அத்தை எனக்காக மூணு நாள் பட்டினி கிடந்தாங்க, அந்த அன்புக்கு நான் தலைவணங்கறேன். ஆனா இனிமே என் வயித்தை யாரும் இங்க ஜெபக் குறிப்பா சொல்லக் கூடாது. எனக்காக ஜெபிக்கணும்னா வீட்ல, கதவைச் சாத்திக்கிட்டு ஜெபிங்க."

மின்விசிறிகள் சுற்றின. பின்வரிசையில் ஒரு தாத்தா மட்டும் பழக்கதோஷத்தில், "ஸ்தோத்திரம்!" என்று உரக்கச் சொன்னார். எட்டாம் வகுப்புப் பெண்கள் இரண்டு கண்ணையும் திறந்து என்னைப் பார்த்தார்கள், இந்த முறை முகத்தை. போதகர் தொண்டையைச் செருமிவிட்டு ஒரு பாட்டின் எண்ணைச் சொன்னார்.

அந்த வாரம் முழுவதும் மாமியார் என்னிடம் பேசவில்லை. "அவளுக்குச் சாம்பார் வேணுமான்னு கேளு" என்று என் எதிரிலேயே மகனிடம் கேட்பார். நான் மொட்டைமாடிக்குப் போய்த் துணி காயப்போட்டேன். யாரும் தடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஜெபக் குறிப்பு நேரம் வந்தது. அவர் வழக்கம்போல எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"எனக்கு மூட்டுவலி. ஜெபிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அன்றைக்குச் சபையிலேயே பெரிதாக ஆமென் சொன்னது நான்தான்.

அதற்குப் பிறகு குழந்தை பிறந்ததா என்று இதைப் படிக்கிற நீங்களும் கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். சொல்ல மாட்டேன். அருவித் தண்ணீர் எப்படி இருந்தது என்று கேளுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சொல்கிறேன்.