ஏரிக்கரைக்கு ஒன்றரை டிக்கெட்

எங்கள் சித்தப்பா பேருந்தில் ஒருநாளும் எங்கள் ஊருக்கு டிக்கெட் வாங்கியதில்லை. அரூரிலிருந்து வரும்போது எங்கள் ஊரான புளியம்பட்டிக்கு முந்தைய நிறுத்தம் ஏரிக்கரை. நடத்துநர் கேட்டால் "ஏரிக்கரை" என்பார். அங்கே இறங்கி, கரை மேலேயே நடந்து ஊர் வந்து சேருவோம். சித்தப்பாவுக்கு நடப்பதில் பிரியம் என்று நினைத்திருந்தேன். அப்போது நான் இரண்டாம் வகுப்பு.

எனக்கும் அந்த நடை பிடிக்கும். கரையில் மேயும் எருமைகளிடம் அவர் நிறையப் பேசுவார். "என்னங்க மகராசி, மத்தியானச் சாப்பாடு ஆச்சுங்களா?" என்று மரியாதையாக விசாரிப்பார். எருமைகளிடம் பேசும்போது அவருக்குத் திக்காது. என்னிடம் கொஞ்சம் திக்கும். மற்றவர்களிடம் என்றால் வார்த்தை உதட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைத்துவிடும்.

அந்த வருஷம் அவருக்குப் பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளை வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று பயந்த என் அப்பா ஓர் ஏற்பாடு செய்தார். தம்பி குலசாமிக்கு வேண்டிக்கொண்டு மௌன விரதம் இருக்கிறான் என்று சொல்லிவிட்டார். பெண் வீட்டாருக்கு ஒரே சந்தோஷம். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்தியா என்று வியந்து, சித்தப்பாவின் தட்டில் இன்னொரு வாழைப்பழம் வைத்தார்கள். சித்தப்பா தலையாட்டினார், புன்னகைத்தார், கும்பிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா தன் சாமர்த்தியத்தையே பேசிக்கொண்டு வந்தார்.

விரதம் என்றால் அதற்கு ஒரு முடிவும் உண்டு என்பதை அப்பா யோசிக்கவில்லை. நிச்சயத்தன்று பெண்ணின் தாய்மாமா, "வெரதந்தான் முடிஞ்சுதுங்களே மாப்ள, உங்க பேர உங்க வாயாலயே சொல்லுங்க, கேக்கலாம்" என்றார். சித்தப்பா எழுந்து நின்றார். உதடு ஒட்டிக்கொண்டது. பந்தல் முழுக்க அவர் வாயையே பார்த்தது.

"பேரு வர்றதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சுரும் போல" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு பரவியது. தட்டு மாற்றாமலேயே கிளம்பி வந்தோம்.

அதன்பிறகு சித்தப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார். எருமைகளிடம்கூடப் பேசவில்லை. அப்பா சொன்ன பொய் விரதம் நிஜமாகிவிட்டது. உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அம்மா சோற்றுத் தட்டோடு நின்று, "எங்க மேல கோவம்னா எங்களத் திட்டுங்க தம்பி, சோத்து மேல என்னங்க கோவம்?" என்பாள். தட்டு அப்படியே திரும்பி வரும். அப்பா வாசலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

எனக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது. சித்தப்பா எங்கே போனாலும் கூடவே போக வேண்டும், வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிற குழந்தை நான். அவர் கொல்லைப் பக்கம் ஒதுங்கினால்கூட வேலிப் படலுக்கு வெளியே காவல் நின்றேன்.

அதே நாட்களில் வீட்டில் சில பொருள்கள் இடம் மாறின. பொருள்கள் அதனதன் இடத்தில் இல்லையென்றால் எனக்கு அப்போதே பொறுக்காது. பருத்திக்கு அடிக்கும் மருந்து டப்பா பரணிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. கிணற்று ராட்டினத்தில் கயிற்றைக் காணோம். அம்மாவிடம் கேட்டேன். "நைஞ்சு போச்சு கண்ணு, புதுசு மாத்தோணும்" என்றாள். அதுவரை பக்கத்து வீட்டிலிருந்து தண்ணீர் சுமந்தோம். என் இடுப்பிலும் ஒரு சின்னக் குடம்.

ஒரு நாள் காலையில் சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய் அவரோடு பேருந்தில் ஏறினேன். அரூரில் இறங்கினோம். சித்தேரி மலைக்குப் போகும் பேருந்து நின்றிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் பை எதுவும் இல்லை. பிறகு வேகவைத்த கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கி என் கையில் கொடுத்தார். எங்கள் ஊர் வழியாகப் போகும் பேருந்தில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, தலையைத் தடவிவிட்டு இறங்கப் போனார். ஒரு கையில் கடலை இருந்ததால் மறு கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்கள உட்டுட்டு வரக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்குது."

"ஏ... ஏன்?" நிச்சயத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"தெரியலீங்க. அப்பாகூட அழுவுது. நான்தான் உங்கள வூட்டுக்குக் கூட்டிட்டுப் போவோணும். இல்லைன்னா இனிமே எனக்கு எந்த வேலையும் குடுக்க மாட்டாங்க."

அவர் என் கையை விலக்கவில்லை. சித்தேரி பேருந்து ஹாரன் அடித்துவிட்டுப் புறப்பட்டது. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கடலையை உரித்து என் வாயில் போட்டார்.

நடத்துநர் வந்தார். சித்தப்பாதான் பேசமாட்டாரே என்று நானே முந்திக்கொண்டு, "ஏரிக்கரைக்கு ஒன்னும் ஒரு அரையும்" என்றேன். சித்தப்பா என் தோளில் கை வைத்தார்.

"இ... இல்லைங்க. பு... பு..."

நரம்பு புடைத்தது. முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பினார்கள். நான் ஊர்ப் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். தோளில் இருந்த கை அழுந்தியது.

"நெதானமாச் சொல்லுங்க. ஊரு எங்கயும் ஓடிராது" என்றார் நடத்துநர்.

"பஸ்ஸு ஓடிருமே! இவரு சொல்லி முடிக்கறதுக்குள்ள ஊரத் தாண்டிரும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். "தா... தாண்டட்டும்ங்க. தி... திரும்பி நடந்து வந்துக்கறோம். எ... எங்களுக்கு நடக்கறது ப... பழக்கந்தான்."

பேருந்தே சிரித்தது. பின்னாலிருந்தவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். இந்தச் சிரிப்பில் சித்தப்பாவும் இருந்தார். சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பு... பு... புளியம்பட்டி" என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஊருக்குள்ளேயே இறங்கிவிட்டால் எருமைகளை எப்படிப் பார்ப்பது? வீடு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஏரிக்கரை என்பது அவர் வாயில் திக்காமல் வருகிற வார்த்தை, அதற்காகவே அத்தனை காலம் நடந்தார் என்பது எனக்குப் புரிய இன்னும் பல வருஷங்கள் ஆயின.

சித்தப்பா இன்றும் திக்கித்தான் பேசுகிறார். அடுத்து பெண் பார்க்கப் போன வீட்டில், "எனக்குத் திக்கும்ங்க, கொஞ்சம் பொறுத்துக் கேக்கோணும்" என்று முதலிலேயே அவர் சொல்லிவிட்டாராம். சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தவர்தான் என் சித்தி.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் சித்தப்பா அம்மாவிடம் சோறு கேட்டார். கேட்டு முடிக்க நேரமானது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்று கேட்டாள்.

மறுநாள் காலையில் கிணற்று ராட்டினத்தில் கயிறு தொங்கியது. கிட்டே போய்ப் பார்த்தேன். அதே பழைய கயிறு. நடுவில் நான் விளையாட்டாகக் கட்டிவிட்ட சிவப்பு ரிப்பன்கூட அப்படியே இருந்தது. எங்கும் நைந்திருக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாத்தவே இல்ல! நல்லாத்தான இருக்குது! எதுக்கு இத்தன நாளு என்னத் தண்ணி சொமக்க வெச்ச?"

அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் திமிறினேன்.