லேசான குண்டுக்கு எந்தக் குழல்

என் வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் போதும், பதில் சொல்லி முடிக்கும்வரை அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது. யாங்கோனில் போட்டாதாங் பக்கத்தில் படகு இயந்திரங்களுக்குத் தண்டு கடையும் பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறை மூடியபின் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் த்வாண்டேயிலிருந்து மண்பானை வாங்கிவந்து க்யிம்யிண்டைங் சந்தைக் கடைகளுக்குப் போடுகிறார். ஆனாலும் இரும்பைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் விடமாட்டார். அது தெரிந்தும்தான் அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அவரிடம் கேட்டேன். வேறு யாரிடம் கேட்பது?

நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் இணையப் பக்கங்களை அனுப்புவார், நான் தமிழில் எழுதி அனுப்ப வேண்டும். நாய்க்குட்டி வளர்ப்பு வரும், முதுகுவலிக்கு வைத்தியம் வரும். அந்த வாரம் வந்தது துப்பாக்கி. எடை குறைந்த குண்டுகளைச் சுடுவதற்கு எந்தக் குழலைத் தேர்ந்தெடுப்பது, குழலுக்குள் திருகிக்கொண்டு ஓடும் வரிகள் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று வந்திருக்க வேண்டும் என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். தோசைக்கல் வாங்குவதற்கு யோசனை சொல்கிற மாதிரி அவ்வளவு நிதானம். காலையில் காப்பி குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் பின்னால் போய்க் காகிதத்தைச் சுடுவாராம். காற்றடித்தால் திரும்பி வந்துவிடுவாராம். கொடுத்துவைத்த மனுஷன். யாங்கோனில் அந்தச் சொல்லைத் தட்டெழுதவே நான் ஜன்னலைச் சாத்தினேன்.

நீளமான, கனத்த குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும், லேசான குண்டுக்கு மெதுவான சுழற்சியே போதும் என்று அவர் எழுதியிருந்தார். மெல்லிய செப்புத் தோல் உள்ள லேசான குண்டை அளவுக்கு மீறிச் சுழலவிட்டால் பாதி வழியிலேயே பிய்ந்து போகலாமாம். எனக்கு இது தலைகீழாகப் பட்டது. லேசான பொருளைத்தானே வேகமாகச் சுற்றவிட வேண்டும்? புரியாமல் எழுதினால் தமிழ் நொண்டும். அதனால்தான் கேட்டேன். வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார். "காரணம் இருக்கும். இப்ப பிடிபடல" என்று கையைக் கழுவப் போனார். மறுநாள் விடியும்போதே த்வாண்டேக்குக் கிளம்பிவிட்டார்.

எங்கள் வீட்டில் இரண்டு கைப்பேசிகள் உண்டு. ஒன்று வீட்டு ஃபோன், வாசலைத் தாண்டாது. இன்னொன்று ரோட்டு ஃபோன். சிப்பாய்கள் வழியில் நிறுத்திப் பிடுங்கிப் பார்ப்பார்கள் என்பதால் அதில் முருகன் பாட்டு, புத்தர் பகோடா படம், பானைக்கடைக்காரர்களின் எண்கள் தவிர எதுவும் இருக்கக் கூடாது. வெளியே கிளம்புகிறவர் யாராக இருந்தாலும், வாசலில் வைத்து நான் ஒருதரம் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுப்பேன். இன்னொரு சட்டமும் வைத்திருந்தேன். ரோட்டில் இருப்பவரை வீட்டிலிருந்து கூப்பிடக் கூடாது. மணி அடிக்கும்போது அது யார் கையில் இருக்குமோ, யார் கண்டது.

மத்தியானம் வீட்டு ஃபோனில் அவர் பேசி அனுப்பிய குரல்பதிவு ஒன்று வந்து விழுந்தது.

"இந்தா, ராத்திரி கேட்டியே, இப்பத்தான் பிடிபட்டுச்சு. பம்பரத்த நெனச்சுக்க. குட்டைப் பம்பரம் கொஞ்சம் சுத்தினாலே நிக்கும். நெட்டையா இருந்தா வேகமா சுத்தணும், இல்லாட்டி சாஞ்சுடும். தெனத்தும் அப்படித்தான். லேசான குண்டு குட்டையா இருக்கும், மெதுவா திரும்புற வரியே அதுக்குப் போதும். என்ன குண்டு போடப்போறோம்னு பாத்துட்டுத்தான் தெனத்துக்குக் குழல் எடுக்கணும். அப்படியே எழுதிக்க. பானையெல்லாம் ஏத்தியாச்சு. டீய குடிச்சிட்டு வர்றேன்."

தெனத் என்றால் பர்மிய மொழியில் துப்பாக்கி. எங்கள் பேச்சில் அந்த வார்த்தைதான் வழக்கம். இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தமிழில் பேசினால் சுற்றி இருப்பவர்களுக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொள்வோம். பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவருடைய சட்டையைப் பற்றி அவர் முன்னாலேயே பேசுவோம். எங்கள் தமிழில் பாதி பர்மியச் சொல் என்பது நினைவிலேயே இருக்காது. அந்த நினைப்பில்தான் இந்த மனுஷன் ரோட்டு ஃபோனில் இதைப் பேசி, அழிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சோதனைச் சாவடியைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.

கூப்பிட்டு அழிக்கச் சொல்லலாம். ஆனால் டீக்கடையிலிருந்து சாவடி கூப்பிடு தூரம்தான். அவர் அங்கே போய்ச் சேர்ந்திருந்தால்? அடிக்கிற ஃபோனை ஒரு சிப்பாய் எடுத்தால்? ஃபோனை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா? அந்தக் காப்பி குடிக்கிற துப்பாக்கிக்காரன்மேலும் கோபம் வந்தது. கடைசிவரை கூப்பிடவில்லை. அடுப்பைக் கூடப் பற்றவைக்காமல் வாசல்படியிலேயே கிடந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் பானைக் கூடையோடு வந்தார். ஒரு பானைகூட உடையவில்லை. ஆள்தான் வெளுத்துப்போயிருந்தார். நான் திட்ட வாயெடுத்தேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொன்னார்.

சாவடியில் இருந்த மூத்த சிப்பாய் படங்களைப் பார்த்துவிட்டு, அந்தக் குரலையும் போட்டுக் கேட்டிருக்கிறான். முதல் தெனத்தில் நிமிர்ந்தான். இரண்டாவது தெனத்தில் எழுந்து நின்றான். "ஊலே, இது என்ன" என்று கேட்டிருக்கிறான். பெரியவரே என்கிற மரியாதை வார்த்தைதான், சொன்ன விதத்தில் மரியாதை இல்லை. சிப்பாய் கூடாரத்துப் பக்கம் திரும்பி, "டேய், இங்க வா, உங்க ஆளுங்க பாஷை" என்று கூப்பிட, ஒருவன் வந்தான். தமிழ்ப் பையன். கட்டாய ராணுவச் சேவைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களில் ஒருவன்.

"தோள்ல தொங்குதே, அந்தச் சாமானோட வார் சதைய வெட்டிக்கிட்டு இறங்கியிருந்துச்சு" என்றார் இவர். "கனம் தாங்காம ஒரு பக்கமா சாஞ்சுதான் நின்னான். பாவம், ஆளு அவ்வளவுதான் இருக்கான்."

பையன் ஃபோனைக் காதில் வைத்து முழுவதும் கேட்டிருக்கிறான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு பர்மிய மொழியில் சொல்லியிருக்கிறான்: "பேரனுக்குப் பம்பரம் வாங்கறதா, பொம்மைத் தெனத் வாங்கறதான்னு வீட்டம்மாகிட்டக் கேக்கறார்." மூத்தவன் சிரித்துவிட்டு, "பம்பரமே வாங்கு, ஊலே. தெனத் இங்க நிறைய இருக்கு" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தானாம். எங்களுக்குப் பேரனும் இல்லை, பேத்தியும் இல்லை.

கூடையைச் சோதிக்கிற சாக்கில் பையன் குனிந்திருக்கிறான். பானைக்குள் பேசுவதுபோல, "மாமா, க்யிம்யிண்டைங் மார்க்கெட்ல கறிவேப்பிலை விக்கிறது எங்கம்மா. நான் இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க. எங்கன்னு சொல்லிடாதீங்க, ஓடி வந்துரும். வந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து" என்றானாம். அதோடு நிமிர்ந்து, போ என்று கை காட்டிவிட்டான்.

கறிவேப்பிலை அம்மாவை எனக்கு நன்றாகவே தெரியும். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வைத்து மீன் வரிசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும். வேலை முடிந்து வந்த மகனைப் பஸ் நிறுத்தத்தில் வைத்துத் தூக்கிப் போனதிலிருந்து அதன் வாயில் வேறு பேச்சே இல்லை. காய் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், ஏதாவது கேள்விப்பட்டீங்களா என்று கேட்கும். நானும் உச்சுக்கொட்டிவிட்டுக் காயை வாங்கிக்கொண்டு நகர்ந்திருக்கிறேன்.

சாப்பிடாமலே சண்டை போட்டோம். வேண்டாம் என்றேன் நான். "சொன்னா அந்தம்மா விடாது. எங்க, எங்கன்னு குடையும். நீங்க உளறிடுவீங்க. அந்தப் பையன் கதி என்னாகும்?"

"சொல்லாம விட்டா நான் மனுஷனா?" என்றார். "நான் நின்ன எடத்துல அவன் ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா நீ இந்நேரம் என்னைத் தேடிக்கிட்டு இருப்ப."

சரி, போவோம் என்றேன். ஆனால் நான்தான் பேசுவேன், அவர் வாயைத் திறக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

காலையில் போனோம். கூட்டம் குறையும்வரை காத்திருந்து கறிவேப்பிலை அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். முருங்கைக்காயைப் பொறுக்குவதுபோல, "உங்க மகன் நல்லா இருக்கான். எங்க வீட்டுக்காரர் பார்த்தார்" என்றேன். அந்த அம்மா அழவில்லை. கறிவேப்பிலைக் கட்டை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு, என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது.

"எங்க பாத்தீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். யாராவது கேள்வி கேட்டு அவர் பேசாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். அந்த அம்மா இன்னொரு தரம் கேட்டது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதற்குமேல் அது அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. புரிந்துகொண்டது போலிருந்தது. காய் பரப்பியிருந்த சாக்கின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் நீவிவிட்டுக்கொண்டிருந்தது.

"துப்பாக்கி குடுத்திருக்காங்களா?"

அந்த வார்த்தையைத் தமிழில்தான் சொன்னது. நான் ஆமாம் என்றேன். அதை மட்டும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"கனமா இருக்குமா அது?" என்று அவரையே கேட்டது. "அவன் ஒல்லிப்பிச்சான். சின்னதுல தோள் எலும்பு முறிஞ்சு கட்டுப் போட்டது. முருங்கைக்காய்ச் சாக்கத் தூக்கவே நான் விட்டதில்லை."

என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. சத்தியத்தை மீறி அவர்தான் பேசினார்.

"இல்லம்மா" என்றார். "லேசானதுதான்."