தெருவுக்கு ஒரு நாற்காலி

கீழத்தஞ்சையில் ஒரு சிறு சபைக்கு நான் உபதேசியாராக இருந்தபோது, மாதம் ஒருமுறை விவசாயக் கூலிகளின் தெருவுக்கு வீடு சந்திக்கப் போவேன். வீட்டுக்கு ஒரு சங்கீதம், இரண்டு நிமிட ஜெபம், அடுத்த வீடு. எங்கே நுழைந்தாலும் எனக்கென்று ஒரு மர நாற்காலி தயாராக இருக்கும். "ஆட்சி மாறினாலும் மாறிச்சு, அந்தத் தெருவுல வீட்டுக்கு வீடு நாற்காலி வந்துடுச்சு" என்று என் மனைவியிடம் பெருமையடித்திருக்கிறேன். எல்லா நாற்காலிக்கும் இடது கை ஒடிந்திருப்பது ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. என் கவனம் அந்த லட்சணத்தில் இருந்தது.

அந்த வருஷம் அறுவடையில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுப் போராட்டம் நடந்தது. தெருவிலிருந்து ஒருவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். நிலக்காரரோ எங்கள் சபை மூப்பர். அவருக்குப் பயந்து இரண்டு மாதம் நான் அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஞாயிறுதோறும் அன்பைப் பற்றி மட்டும் பேசினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மூன்றாம் மாதம் போனேன். எந்த வீட்டிலும் நாற்காலி இல்லை. பெண்கள் கையைப் பிசைந்தார்கள்.

"கடைசி வீட்டுல கேட்டோம் ஐயா. தரமாட்டேன்னுடுச்சு" என்றார் ஒருவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெருவுக்கே இருந்தது ஒரு நாற்காலி.

கடைசி வீடு சிறைக்குப் போனவருடையது. நாற்காலி நடுவீட்டில் கிடந்தது, அதன் மேல் அவருடைய துண்டு. அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை.

"நீங்க வர்றப்பல்லாம் கொல்லைப் பக்கமா இதை வீடு வீடா தூக்கிட்டு ஓடுனது அவருதான். வாங்கி மூணு வருஷமாச்சு, ஒரு நாள் இதுல அவரு உக்காந்ததில்லை. ஐயாவுக்கு இருக்கட்டும்பாரு. அவரைப் பிடிச்சிட்டுப் போனப்ப ஐயா எங்க போனீங்க?"

"பயந்துட்டேம்மா" என்று தரையில் உட்கார்ந்தேன். ஜெபிக்கலாமா என்று கேட்டேன்.

"ஜெபம் அப்புறம் இருக்கட்டும். நாளைக்கு எங்கூட ஜெயிலுக்கு வருவீங்களா? தனியா போனா வாசல்லயே விரட்டிடுறாங்க."

மூப்பர் காதுக்குப் போகும் என்று தெரியும். ஆனாலும் மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். என் வெள்ளை ஜிப்பாவைப் பார்த்து உள்ளே விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவர் மனைவியிடம் முதலில் கேட்டது இதைத்தான்: "ஐயா வந்தப்ப நாற்காலி குடுத்தியா?"

மனைவி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அதன்பின் வாரம் தவறாமல் போனோம். மூப்பர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். வேலை போய்விடும் என்று சொல்லியனுப்பினார். வேலை போகவில்லை.

கோடையில் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தார். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் எழுந்து, துண்டால் நாற்காலியைத் துடைத்தார். "நீங்க உக்காருங்க" என்று அவர் தோளைப் பிடித்து அழுத்த வேண்டியிருந்தது. நுனியில்தான் உட்கார்ந்தார்.

"நல்லா சாஞ்சு உக்காருங்க" என்று மனைவி சிரித்தார்.

சாய்ந்தார்.