நிரலின் தலையில் உபயம்

பெருந்தொற்றுக்குப் பின் கல்லூரி மறுபடி திறந்த ஆண்டு, ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. வாலாஜாபாத் சாலையில் இருக்கும் எங்கள் பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்துக்கு அன்றுதான் ஓர் இயங்குதளத்தின் மூல நிரல், அதாவது சோர்ஸ் கோடு, வந்தது. நான் ஆய்வகப் பொறுப்பாளன். அதை வரவழைத்த மேடம் ஒப்பந்த விரிவுரையாளர். ஆண்டுக்கு ஆண்டு நீட்டித்தால்தான் வேலை. கணவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு வீடு அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது.

எங்கள் மாணவர்கள் கைடைப் படித்து இயங்குதளம் பற்றி எழுதுவார்களே தவிர, ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை. பாடம் நடத்தவென்றே சிறிய இயங்குதளம் எழுதியிருந்த வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு மேடம் மின்னஞ்சல் அனுப்பினார். நடத்தலாம், மாற்றலாம், பிறருக்கும் தரலாம் என்று பதில் வந்தது. ஒரே நிபந்தனை: ஒவ்வொரு கோப்பின் தலையிலும் உள்ள அவர் பெயரையும் உரிம வாசகத்தையும் நீக்கக் கூடாது.

ஆய்வுக் குழு வரவிருந்ததால் தாளாளர் ஆய்வகத்தைப் பார்க்க வந்தார். திரையில் குனிந்தார்.

“இன்னாம்மா, எல்லாத்துலயும் எவனோ பேரு இருக்குது? மெஷின் வாங்கிக் குடுத்தது யாரு?”

“அவர்தான் சார் எழுதினவரு. பேரை எடுக்கக் கூடாதுன்னு கண்டிஷன்.”

“கோயிலுக்கு ஒரு டியூப்லைட் குடுத்தாலே உபயம்னு பேரு போடறான். நான் லேபே குடுத்துக்கினு இருக்கேன்.”

“லைட் கம்பெனி பேரை அழிச்சிட்டா சார் போடறாங்க?”

தாளாளர் சிரித்தார். “வாய் இருக்குதும்மா உனக்கு.”

உரிம வாசகத்துக்குக் கீழே, உபயம் என்று தாளாளர் பெயரையும் சேர்க்கலாம் என்றார் மேடம். தாளாளர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்று மாலையே அவர் சொல்லி, அலுவலகத்தில் பேராசிரியர் பெயரையும் வாசகத்தையும் அழித்து உபய வரியை வைத்தார்கள். கல்லூரியே உருவாக்கிய இயங்குதளம் என்று இணையதளத்திலும் ஏற்றினார்கள்.

ஐப்பசியில் அதைப் பார்த்துவிட்டுப் பேராசிரியர் எழுதினார்: என் பெயரைத் திரும்பச் சேருங்கள், அல்லது நிரலை எடுத்துவிடுங்கள். மேடம் உடனே, தவறு தன்னுடையது, மன்னிக்க வேண்டும் என்று பதில் எழுதி, முதல்வருக்கும் எனக்கும் நகல் அனுப்பினார்.

“நீங்க செய்யலியே மேடம்?”

“வந்தவங்க மேல காபி கொட்டிட்டா, யாரு கொட்டினதுன்னு சொல்லிக்கினா இருப்போம்? மன்னிச்சுக்கோங்கன்னுதான சொல்லுவோம்.”

அடுத்த வாரம் அந்த மன்னிப்பு வரியையே காட்டி, மேடமே ஒப்புக்கொண்டார் என்று அவர் ஒப்பந்தத்தை முடித்தார்கள்.

அவர் போன பிறகு பேராசிரியரின் பதில் வந்தது. பெயரைச் சேர்த்தால் போதும், தொடர்ந்து நடத்துங்கள் என்றிருந்தது. தாளாளரிடம் காட்டினேன். “அப்ப பிரச்சினை இல்லல்ல?” என்றார். வாசகத்தை நானே கோப்பு கோப்பாகத் திரும்ப வைத்தேன்.

கார்த்திகையில் காந்தி சாலை ஜவுளிக்கடை ஒன்றுக்குப் போனபோது, அங்கே பில் போட்டுக்கொண்டிருந்தார் மேடம்.

“புரொபசர் பேரு மேல இருக்குதா சார்?”

“இருக்குது. அதுக்குக் கீழ உபயம்.”

“அதை வெச்சு யாரு பாடம் நடத்தறாங்க?”

“யாரும் இல்லை மேடம். கைடுதான்.”

அவர் அடுத்த புடவையின் சீட்டை எடுத்தார்.